ஊர் தின்ன பூசணிக்காய்

புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குப் பின்னால மெஸ் நடத்துற சொர்ணக்கனி ஒரு ஐப்பசி மாசக் காலையில ஆரத்தித் தட்டோட வாசல்ல வந்து நின்னா. கார்ல இருந்து முதல்ல மகன் இசக்கிதுரை இறங்கினான். அவனை ஒரு கையால ஓரமாத் தள்ளிவிட்டுட்டு, பின் சீட்டுல தன் அண்ணன் ஆவுடையப்பன் மடியில உக்காந்திருந்த பூசணிக்காயை மூணு சுத்து சுத்தி, பொட்டு வச்சு, ஆரத்தியைத் தெருவுல கொட்டினதுக்கு அப்புறம்தான் ரெண்டு மனுசங்களையும் வீட்டுக்குள்ள விட்டா.

ஆட்டுக்கல் தண்டிக் காய். சம்பந்தி வீட்டுல இருந்து வந்த காய். உக்ரேன்னு ஒரு நாடு, அந்த நாட்டுல ஒரு மலை, மலையடிவாரத்துல தேனீப்பெட்டி அடுக்கின ஒரு வீடு, அந்த வீட்டுப் பொண்ணு தன் ரெண்டு கையால தூக்கிக் குடுத்த காய். அந்தப் பக்கத்துல சண்டை வர்றதுக்கு ரொம்ப வருசம் முந்தி நடந்தது இது. எஸ்டிடி பூத்துல வரிசையில நின்னு பேசின காலம்.

இசக்கிதுரைக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம் வேலை. கூட வேலை பார்த்த போஹ்தான்ங்கிறவன் ஒரு லீவுக்கு இவனைத் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க போஹ்தானோட தங்கச்சி ஸ்லாத்தா, தலையில வலைத்தொப்பி மாட்டிக்கிட்டு தேனீப்பெட்டியைத் திறந்துக்கிட்டிருந்தா. விருந்தாளி வந்திருக்கானேன்னு வலையைத் தூக்கிப் பார்த்தா. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் மூணு லீவுக்கும் பய சொந்த ஊருக்கே வரல. நாலாவது லீவுல அம்மா காலைப் பிடிச்சு, மாமா கையைப் பிடிச்சு, ரிட்டயர்டு பஸ் கண்டக்டரான ஆவுடையப்பனுக்கு பாஸ்போர்ட் எடுத்து, முறைப்படி பொண்ணு கேக்கக் கூட்டிட்டுப் போயிட்டான்.

"ரொட்டி வச்சாவ, பக்கத்துல உப்பு வச்சாவ," ஆவுடையப்பன் மெஸ் பெஞ்சுல சம்மணம் போட்டு உக்காந்து, அங்க நடந்ததைத் தெருவுக்கே நடிச்சுக் காட்டினாரு. "நான் எந்திரிச்சு, எங்க வீட்டுப் பையனுக்கு உங்க வீட்டுப் பொண்ணைக் குடுக்கீகளான்னு கேட்டேன். துரை அதை அவனுக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னான். பொண்ணு விறுவிறுன்னு உள்ள போச்சு. இந்தக் காயைத் தூக்கிட்டு வந்து எம்மடியில வச்சுது. கண்ணுல தண்ணி!"

"ஆனந்தக் கண்ணீரு," சொர்ணக்கனி மூக்கை உறிஞ்சினா.

"பின்ன? நான் காயைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, தாயி, வீட்டு வாசல்ல கட்டித் தொங்கவிட இன்னொண்ணு கிடைக்குமான்னு கேட்டேன். அவ அய்யா என்னையே பார்த்தாரு. பார்த்தாரு, பார்த்தாரு, அப்படிப் பார்த்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயி இன்னொண்ணு கொண்டாந்தாரு. அதை ஏர்போர்ட்ல பிடுங்கிட்டானுவ. இதையும் பிடுங்க வந்தான். சம்பந்தி வீட்டுச் சீருடான்னு சொல்லி மடியில வச்சுக்கிட்டேன். பக்கத்து சீட்டுல ஒருத்தன் பச்சப்பிள்ளைய மடியில வச்சிருந்தான். ஏர்ஹோஸ்டஸ் வந்து ரெண்டுக்கும் சேர்த்து பெல்ட் மாட்டிவிட்டுட்டுப் போயிட்டா."

தெரு சிரிச்சுது. சொர்ணக்கனி மனசுல ஒரு துளி சந்தேகம் இல்ல. மார்கழிக் கோலத்துல சாணி உருண்டை மேல பூசணிப்பூவை வச்சா அந்த வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு அர்த்தம். பூ வச்சாலே அப்படின்னா, முழுக்காயையே தூக்கிக் குடுத்தவங்க வேற என்னத்தைச் சொல்ல வர்றாங்க? தை பதினாலுக்கு முகூர்த்தம் குறிச்சு, மறுவாரமே பத்திரிகை அடிச்சு, மஞ்சள் தடவி, நூத்தம்பது பேரை மெஸ்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. சாம்பாரு, கூட்டு, புளிக்குழம்பு, அல்வா எல்லாமே அந்த ஒரே காய்லதான். காம்புப் பக்கம் வெட்டினது முதல் பந்திக்கு, அதுக்கடுத்தது ரெண்டாம் பந்திக்கு, அப்படியே அஞ்சு பந்தி ஓடி அடிக்காய்ல முடிஞ்சுது. மெஸ்ல கூட வேலை பார்க்கிற பேச்சிதான் எல்லாப் பந்திக்கும் பரிமாறினா. முதல் பந்திக்கு உப்புப் பார்த்தது சொர்ணக்கனி. தின்னாத ஒரே ஆளு மாப்பிள்ளைதான். அவனுக்குப் பூசணின்னாலே சின்ன வயசுல இருந்து குமட்டும்.

"அவ குடுத்ததுல ஒரு துண்டைக் கண்ணை மூடிக்கிட்டு முழுங்குலே," ஆவுடையப்பன் கெஞ்சினாரு.

"வேண்டாம் மாமா," அவன் தயிர்சோத்தோட ஓரமாப் போயி உக்காந்துட்டான்.

மறுநாள் விடிஞ்சப்ப சொர்ணக்கனி மாவுப் பானையைத் திறந்துக்கிட்டே, "என்னட்டி, மாவு பொங்கலையா?"ன்னு கேக்க நினைச்சு வாயைத் திறந்தா, "தோப்ரோஹோ ரான்கு"ன்னு வந்துச்சு. பேச்சி அடுப்பை ஊதிக்கிட்டே, "தோப்ரே ரானோ"ன்னு பதில் சொன்னா. ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கிட்டாங்க. காலை வணக்கம் சொல்லிக்கிட்டிருக்கோம்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. இத்தனை வருசத்துல சொல்லிக்கிட்டதே இல்லையேன்னும் புரிஞ்சுது. அப்புறம் மாவு பொங்கலைங்கிறதையும் அதே பாஷையில பேசி முடிச்சுட்டு, இட்லி ஊத்தப் போயிட்டாங்க.

தமிழ் எங்கயும் போயிரல. பஸ்ல இடம் விட்டுக் குடுத்த மாதிரி கொஞ்சம் பின் சீட்டுக்கு நகர்ந்து உக்காந்திருந்துச்சு, வேணும்னா கூப்பிட்டுக்கலாம். முன் சீட்டுலதான் புது பாஷை. எட்டு மணிக்கெல்லாம் பேச்சி கணக்கைக் கண்டுபிடிச்சுட்டா, பரிமாறினவ அவதானே: முதல் பந்தி உக்ரேன் பாஷை, ரெண்டாம் பந்தி போலிஷ், மூணாம் பந்தி செக், நாலாம் பந்தி பல்கேரியன், அஞ்சாம் பந்தி ரஷ்யன். பேச்சி நின்னுக்கிட்டே மூணாம் பந்தியில வாயில போட்டவ. ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்கு முக்கால்வாசி புரிஞ்சுது, கால்வாசியைக் கையால சொல்லிக்கிட்டாங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு வார்த்தை இருந்துச்சு. அது 'தோப்ர'. நல்லதுன்னு அர்த்தம். நல்லதுங்கிறதாவது அஞ்சு பந்திக்கும் ஒண்ணா இருக்கேன்னு மண்டியில பேசிக்கிட்டாங்க.

சில பேரு சந்தேகத்துக்கு டாக்டர்கிட்ட போனாங்க. அவரு வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடிச்சு, நாக்கைப் புரட்டிப் பார்த்துட்டு, "நாக்கு நல்லாத்தான் இருக்கு. நான் ரெண்டாவது பந்தி"ன்னாரு, போலிஷ்ல. அதோட ஊரு நிம்மதியாச்சு.

நாலாம் பந்தியில உக்காந்ததெல்லாம் மண்டி ஆளுங்க. பல்கேரியாவுல ஆமான்னா தலையை இடமும் வலமும் ஆட்டணுமாம், இல்லைன்னா மேலயும் கீழயும். பாஷையோட அந்த ஆட்டமும் சேர்ந்து வந்துருச்சு. மூட்டை தூக்கவான்னு கேட்டா வேண்டாம்னு முதலாளி மேலயும் கீழயும் வேகமா தலையசைப்பாரு, ஆமான்னு நினைச்சுத் தூக்கின மூட்டையைப் பார்த்துட்டு "எவம்லே தூக்கச் சொன்னான்?"னு கத்துவாரு. ரெண்டு நாள்ல ரெண்டு ஆட்டத்தையும் கலந்து ஒரு மாதிரி வளைச்சு ஆட்டக் கத்துக்கிட்டாங்க. அது நம்ம ஊரு ஆட்டம் மாதிரியே இருந்ததால யாருக்கும் வித்தியாசம் தெரியல.

லோடு தூக்குற மாடக்கண்ணுக்குத்தான் கஷ்டம். லேட்டா வந்ததால அவனுக்குக் காயே கிடைக்கல, சீவிப்போட்ட தோலை வதக்கித் தின்னிருந்தான். அவன் பேசினது எந்தப் பந்தியிலயும் சேரல. தலைமையாசிரியர் பால்வண்ணம் புஸ்தகம் பார்த்து, அது சோர்பியன்னும், ஜெர்மனிக்காரங்க நடுவுல கொஞ்சம் ஜனங்க மட்டும் காப்பாத்தி வச்சிருக்கிற பாஷைன்னும் கண்டுபிடிச்சாரு. "பரவால்ல சார், ரகசியம் பேசிக்கலாம்"னான் மாடக்கண்ணு. யார்கிட்டன்னு கேட்டதும் அடுத்த மூட்டையைத் தூக்கிட்டு நடந்துட்டான்.

டீக்கடையில வேற பேச்சே கிடையாது, வார்த்தைப் பேச்சுதான். கரடிக்கு உக்ரேன்ல 'வெத்மித்', செக்ல 'மெத்வியெத்', எல்லாத்துலயும் தேன் தின்னின்னு அர்த்தம். உண்மைப் பேரைச் சொன்னா வந்து நின்னுரும்னு பயந்து, பெரியவங்க அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, உண்மைப் பேரே மறந்து போச்சாம்.

"நாம ராத்திரியில பாம்பைப் பூச்சிங்கோம்லா, அது மாதிரி," பால்வண்ணம் விளக்கினாரு.

"நான் எங்க வீட்டுக்காரரை இவுகங்கேன்லா, அது மாதிரி," பேச்சி சொன்னா. "முப்பது வருசமாச்சு, எனக்கும் பேரு மறந்து போச்சு."

ஸ்லோவோன்னா வார்த்தை, அதுல இருந்துதான் ஸ்லாவ்ங்கிற பேரே வந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு, அப்படிப் பார்த்தா இவங்க எல்லாரும் பேச்சுக்காரங்கன்னு பால்வண்ணம் சொன்னப்ப, இந்த ஊருக்குப் பொருத்தமான காய்தான் வந்திருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நன்றிங்கிற வார்த்தையை மேடையில மட்டுமே கேட்டிருந்த ஊரு, இப்ப டீ கிளாஸைக் குடுத்தா தியாகுயு, சில்லறை குடுத்தா ஜென்குயே, வழி விட்டா பிளகோதர்யான்னு பொழிஞ்சுது. ஞாயித்துக்கிழமைக்கு இதுல முக்காவாசி பாஷையில வேலை செய்யாத நாள்னுதான் பேருன்னு தெரிஞ்சதும், பேச்சி கரண்டியைக் கீழ வச்சா. "பேரே அப்படி இருக்கையில எப்படிக்கா வேலைக்கு வாரது? தெய்வக்குத்தம் ஆயிரும்லா?" மெஸ்ஸுக்கு ஞாயித்துக்கிழமை லீவாச்சு.

ஊரு இப்படிக் குதியாட்டம் போட்டுக்கிட்டிருந்தப்ப, சொர்ணக்கனி மட்டும் நெஞ்சுல கல்லோட சாம்பாரு கிண்டிக்கிட்டிருந்தா.

அவளுக்கு முதல் நாளே தெரிஞ்சு போச்சு. தபால்காரர்கிட்ட, "எம்மவன் பொண்ணு கேட்டுப் போயி பூசணிக்காயோட வந்திருக்கான்"னு பெருமையாச் சொல்லலாம்னு வாயெடுத்தா. அந்த பாஷையோட வந்த அறிவு அவ கையைப் பிடிச்சு நிறுத்திருச்சு. அந்த நாட்டுல பொண்ணு கேட்டு வர்றவங்களை இல்லைன்னு வாயால சொல்லி நோகடிக்க மாட்டாங்க. கையில ஒரு பூசணிக்காயைக் குடுத்து அனுப்புவாங்க. காய் வந்தா கதை முடிஞ்சுது. மகன் வேண்டாம்னுட்டாங்க. வேண்டாம்னதுக்கு ஆரத்தி எடுத்து, பொட்டு வச்சு, பத்திரிகை அடிச்சு, ஊரையே கூப்பிட்டு அல்வாவும் கிண்டிப் போட்டாச்சு.

அன்னிக்கு மத்தியானமே ஆவுடையப்பன் மெஸ்ஸுக்குப் பின்னால, விறகுக்குப் பக்கத்துல தலையில கைவச்சு உக்காந்திருந்தாரு. அவரும் முதல் பந்திதான்.

"சொர்ணம்."

"சொல்லுண்ணே."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"இன்னொண்ணு கிடைக்குமான்னு கேட்டுட்டேனேம்மா!" அவரு மண்டையில அடிச்சுக்கிட்டாரு. "ஒரு வீட்டுல பொண்ணு இல்லைன்னுட்டாவ. நான் வரிசையில நின்னு ரெண்டாவது தடவை இல்லைன்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்! அந்த மனுசன் என்ன நினைச்சிருப்பாரு?"

"கண்ணுல வேற ஒத்திக்கிட்டியே," சொர்ணக்கனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. "யாருகிட்டயும் மூச்சு விட்டுராதண்ணே. பயலுக்குத் தெரியவேண்டாம்."

யாருக்கும் தெரியாதுன்னு அண்ணனும் தங்கச்சியும் நினைச்சுக்கிட்டாங்க. ஆனா முதல் பந்தியில உக்காந்தது முப்பது பேரு, முப்பது பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதுக்குப் பதிலா எல்லாரும் ரொம்ப நல்லவங்களா ஆயிட்டாங்க. இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு யாரும் சொல்லல. காய்கறிக்காரி கருவேப்பிலையை அள்ளிப் போட்டா. ஜென்மப் பகையா இருந்த எதுத்த வீட்டுக்காரி, "சொர்ணம், மெலிஞ்சு போயிட்டியே"ன்னு கன்னத்தைத் தடவினா. எட்டு நாளு இப்படியே ஓடுச்சு.

ஒன்பதாம் நாள் பேச்சி பொறுக்கமாட்டாம வந்தா. "யக்கா, இன்னிக்குச் சாம்பார்ல உப்புப் போட மறந்துட்டேன். பால்வண்ணம் சார் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டுட்டு, பிரமாதம்னுட்டுப் போறாரு. இந்த ஊருல இப்படி நடக்காதே. யாருக்காவது சாவு கீவு வரப்போகுதா?"

சொர்ணக்கனி உடைஞ்சு போயி எல்லாத்தையும் சொன்னா. சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்கள்ல முதல் பந்திக்காரங்க தலையைக் குனிஞ்சாங்க. மத்தவங்க வாயில வச்ச கவளத்தோட நின்னாங்க. வாசல்ல இசக்கிதுரை நின்னுக்கிட்டிருந்தான்.

"எனக்கு அங்கயே சந்தேகம்தான்மா," அவன் மெதுவாச் சொன்னான். "அவ அழுததைப் பார்த்தேன்லா."

"பின்ன ஏம்ல வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"மாமா இன்னொண்ணு கேட்டாருல்லா. அப்ப அவ சிரிச்சா. அழுதுக்கிட்டே சிரிச்சா. அந்தச் சிரிப்பை வச்சுத்தான் இம்புட்டு நாளா ஓட்டிக்கிட்டிருக்கேன்."

சொர்ணக்கனி கையைக் கழுவினா. முந்தானையில துடைச்சா. "நம்பரைக் குடு"ன்னா.

எஸ்டிடி பூத்துக்கு அவ நடந்தா, மெஸ்ஸுல இருந்தவங்க எச்சிக்கையோட பின்னால நடந்தாங்க, வழியில மண்டி சேர்ந்துச்சு, டாக்டரு நோயாளியோட சேர்ந்தாரு. லைன் கிடைக்கிற வரைக்கும் பால்வண்ணம் அவகிட்ட பேச்சுக் குடுத்தாரு. மருமகளை அவங்க நெவிஸ்த்காங்கிறாங்களே, அதுக்குத் தெரியாதவள்னு அர்த்தம்னு படிச்சவங்க சில பேரு சொல்றாங்கன்னாரு. "தெரியாதவளைத்தான சார் எந்த ஊர்லயும் கூட்டிட்டு வாரோம்," சொர்ணக்கனி சொன்னா. அதுக்குள்ள அந்தப் பக்கம் எடுத்துட்டாங்க.

"யாரு?"

"நான் சொர்ணக்கனி. துரையோட அம்மா."

எடுத்தது ஸ்லாத்தாதான். "அம்மா, எங்க பாஷை உங்களுக்கு எப்படி வரும்?"

"நீ குடுத்த காயைச் சாம்பாரு வச்சோம் தாயி. அதுல வந்துச்சு."

"சாப்பிட்டீங்களா? அதையா?"

"பின்ன, காயை வச்சுக்கிட்டு என்ன செய்வாங்க?"

"அம்மா, அது வந்து..."

"தெரியும். வேண்டாம்னு அர்த்தம். தின்னு முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது."

"எங்க ஊர்ல அதை யாரும் தின்னதே இல்லம்மா. அவமானமா நினைச்சு வழியிலயே வீசிட்டுப் போயிருவாங்க."

"நல்ல காயையா வீசுவாங்க? பைத்தியக்காரனுவ." சொர்ணக்கனி ரிசீவரை அடுத்த காதுக்கு மாத்திக்கிட்டா. "இந்தா பாரு, நீ வேண்டாம்னு சொன்னதை நாங்க நூத்தம்பது பேரு தின்னு செரிச்சாச்சு. இப்ப அது எங்கயும் இல்ல. திரும்பச் சொல்லணும்னா நீ புதுசாத்தான் சொல்லணும். எம்மவனைப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்." யோசிக்காம வந்துச்சு பதில். அப்புறம் குரல் இறங்கிருச்சு. "அவரு கப்பலுக்குப் போயிருவாரு. நான் உங்க ஊர்ல தனியா இருப்பேன். எங்க பாஷையில ஜெர்மன்காரனை நிமெத்ஸ்னு சொல்லுவோம். ஊமைன்னு அர்த்தம். நாம பேசுறது புரியாதவன், நமக்குப் புரியாம பேசுறவன், ரெண்டும் ஊமைதான்னு அந்தக் காலத்துல பேரு வச்சாங்க. அங்க வந்தா அந்த ஊமை நான்தான்மா. பசிக்குதுன்னு சொல்லக்கூட கையை ஆட்டணும். கோவம் வந்தா திட்டக்கூட முடியாது. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் காயைக் குடுத்துட்டேன்."

சொர்ணக்கனி மனசுல பட்டதைச் சொன்னா. "ஸ்லாத்தான்னா தங்கமாம். சொர்ணம்னாலும் தங்கந்தான். இம்புட்டு நாளு ஒரே பேரை வச்சுக்கிட்டு நீ அங்க, நான் இங்க." அப்புறம் கதவைத் திறந்து ரிசீவரை வெளிய நீட்டினா. "இந்தா, ஊமை ஆவியா மாட்டியான்னு நீயே கேட்டுக்கோ."

டாக்டரு போலிஷ்ல உடம்பு நலம் விசாரிச்சாரு. பேச்சி செக்ல, இட்லிக்கு என்ன தொட்டுக்குவன்னு கேட்டா. மண்டி மொத்தமும் பல்கேரியன்ல வரவேற்பு சொல்லி, ஃபோன்ல தெரியாதுங்கிறதை மறந்து தலையை ஆட்டுச்சு. ஆவுடையப்பன், "தாயி, ரெண்டாவது காயிக்கு மன்னிச்சுக்கோ"ன்னாரு. அந்தப் பக்கம் சிரிப்பு வெடிச்சுது. கடைசியா மாடக்கண்ணு ரெண்டு வார்த்தை சொன்னான். அவ சிரிப்பை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னா. அவன் சொன்னான்.

"அம்மா," ஸ்லாத்தா சொன்னா, "அவரு பேசுறது எனக்குப் பாதிதான் புரியுது. ரொம்பக் கொஞ்சம் பேரு பேசுற பாஷை அது. அவரைத் தனியா விட்டுராதீங்க." அப்புறம் மூச்சை இழுத்து விட்டா. "நான் வாரேன். கட்டிக்க இல்ல. பாக்க மட்டும்."

சொர்ணக்கனி ரிசீவரை வச்சுட்டு வெளிய வந்து, இடுப்புல கைவச்சு நின்னா. "பொண்ணு நம்மளைப் பார்க்க வருது! தெருவைக் கூட்டுங்கலே!"

மார்கழி பத்தாம் தேதி ஸ்லாத்தா வந்து இறங்கினா. வழக்கமா பொண்ணுதான் பட்டுச்சேலை கட்டி, காபித் தட்டோட வந்து நிக்கணும். இங்க ஊரே குளிச்சு, தலைசீவி, சொஜ்ஜி பஜ்ஜியோட நின்னுச்சு. அவ நாற்காலியில உக்காந்தா. ஊரு பேச ஆரம்பிச்சுது.

எப்படிப் பேசுச்சுங்கிறீங்க! அவ ஊமையாயிரக் கூடாதேங்கிற பயத்துல ஒரு நிமிசம் அவளைச் சும்மா விடல. காலையில கண்ணு முழிச்சா கட்டில்கிட்ட பேச்சி, பல்லு விளக்கப் போனா கிணத்தடியில எதுத்த வீட்டுக்காரி, இலைக்கு முன்னால உக்காந்தா ரெண்டு பக்கமும் டாக்டரும் பால்வண்ணமும், தெருவுல இறங்கினா மண்டி, திரும்பினா ஆவுடையப்பன். வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாங்க, அவ சொல்றதுக்குள்ள அவங்களே சொன்னாங்க. அவ ஊர்ல பனி எப்படி விழும்னு கேட்டாங்க, அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள மூணு பேரு மூணு பாஷையில பனி விழுந்து காட்டினாங்க. அவ முகத்தைப் பார்த்து, "பேசு தாயி, பேசு, கூச்சப்படாத"ன்னு தமிழ்ல ஒரு அதட்டல், உடனே அடுத்தவங்க பேச்சு. இசக்கிதுரை மூணு நாளும் கூட்டத்துக்குப் பின்னால, எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டே நின்னான். சொர்ணக்கனி அடுப்படியில இருந்தபடியே பார்த்தா. பொண்ணு முகம் வாடிக்கிட்டே வருது. நாலாம் நாள் காலையில பெட்டியைக் கட்டிட்டாள்னா?

மூணாம் நாள் மத்தியானம், பந்தி நடுவுல, பத்துப் பேரு ஒரே சமயத்துல அவகிட்ட பேசிக்கிட்டிருந்தப்ப, ஸ்லாத்தா எந்திரிச்சா. கரண்டியை எடுத்து இட்லிக் கொப்பரையில ஓங்கி அடிச்சா.

"வாயை மூடுங்க எல்லாரும்! நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் பேசக்கூடாது!"

புளியங்குடி வாயை மூடுச்சு. மெஸ்ஸுல இருந்தவங்க மூடினாங்க, வாசல்ல இருந்தவங்க மூடினாங்க, வாசலைப் பார்த்து தெரு மூடுச்சு, தெருவைப் பார்த்து மண்டி மூடுச்சு. பஸ் ஸ்டாண்டுல திருநெல்வேலி திருநெல்வேலின்னு கத்திக்கிட்டிருந்த கண்டக்டரு, 'திருநெல்' வரைக்கும் சொல்லிட்டு நிறுத்தினாரு.

"ஊமையாயிருவேன்னு பயந்தேன்," ஸ்லாத்தா சொன்னா. "ஆயிட்டேன். மூணு நாளா ஒரு வாக்கியம் முடிக்க விடல நீங்க. இவ்வளவு பேசுற ஜனங்களை நான் பார்த்ததே இல்ல. எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மாமா பொண்ணு கேட்டாரு. அம்மா கேட்டாங்க. டாக்டரு கேட்டாரு. மாடக்கண்ணுகூட கேட்டாரு. துரை, நீ மட்டும் இன்னும் கேக்கவே இல்ல."

கூட்டம் விலகுச்சு. இசக்கிதுரை முன்னால வந்தான். ஊர்லயே காய் தின்னாத ஒரே பய. அவ பாஷையில அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் கப்பல்ல இன்ஜின் சத்தத்துக்கு நடுவுல கத்திக் கத்திக் கத்துக்கிட்ட நாப்பது அம்பது வார்த்தைதான். சொர்ணக்கனிக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு, நல்ல நல்ல வாக்கியமா, எடுத்துக் குடுக்க. சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டா.

அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"இன்ஜின் சரி," அவன் சொன்னான். "எண்ணெய் சரி. அழுத்தம்... ஜாஸ்தி. ரொம்ப நாளா ஜாஸ்தி. கப்பல் நிக்குது." அடுத்த வார்த்தையைத் தேடினான், ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவனோட சேர்ந்து தேடுச்சு. "ஆள் தயார். உத்தரவு இல்ல." அப்புறம் அவளை நேராப் பார்த்தான். "உத்தரவு?"

ஸ்லாத்தா கரண்டியைக் கீழ வச்சா. இடுப்பை நிமிர்த்தி, கப்பல் மேல்தட்டுல நிக்கிற கேப்டன் மாதிரி நின்னா. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு.

"போவ்னி வ்பெரெத்!"

முழு வேகம், முன்னால.

முதல் பந்திக்குப் புரிஞ்சுது, அஞ்சு பந்திக்கும் புரிஞ்சுது, தோல் தின்னவனுக்கும் புரிஞ்சுது. ஆனா ஒரு சத்தம் இல்ல. அவ பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கா, பேசலாம்னு இன்னும் சொல்லல. ஆவுடையப்பன் வாயைப் பொத்திக்கிட்டுக் குதிச்சாரு. டாக்டரு பால்வண்ணத்தைத் தூக்கினாரு. பேச்சி கன்னம் ரெண்டும் உப்பி, முகம் சிவந்து, எந்த நிமிசமும் வெடிச்சிரும் போல நின்னா. மண்டி தலையை எல்லாத் திசையிலயும் ஆட்டுச்சு. சொர்ணக்கனி அழுதுக்கிட்டே மருமக முன்னால வந்து நின்னு, விரலால வாயைத் தொட்டு, புருவத்தைத் தூக்கிக் கேட்டா: பேசலாமா?

ஸ்லாத்தா அவளைப் பார்த்தா. தெருக்கோடி வரைக்கும் சத்தமில்லாம துள்ளிக்கிட்டிருந்த அந்த ஊமை ஜனங்களைப் பார்த்தா. மூணு நாளா காதுல விழுந்ததுல அவளே பொறுக்கி எடுத்த முதல் தமிழ் வார்த்தையை, மண்டி ஆளுங்க இழுக்கிற அதே இழுப்போட இழுத்துச் சொன்னா:

"பேசுங்கலே!"

அப்ப எழும்பின சத்தத்தைக் கேட்டு, ஏழெட்டு மைல் தள்ளி வாசுதேவநல்லூர்ல, மழை வருதுன்னு நினைச்சு கொடியில கிடந்த துணியை எல்லாம் எடுத்தாங்களாம்.